வாசல் திறந்த வீடும் வாயிற்காவலும்
(இணையக் காலத்தில் பிள்ளைகளின் கல்வியும் பாதுகாப்பும் பற்றிய ஒரு சிந்தனை)

ஆலயத்துக்கு வரும் பெற்றார் அர்ச்சனைக்காகச் சொல்லும் பெயர்களுள் பெரும்பாலானவை பிள்ளைகளின் பெயர்களே. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் நாளும், சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் நாளும் பேனையையும் அனுமதி அட்டையையும் கொண்டு வந்து விநாயகப் பெருமானின் திருவடியில் வைத்து எடுத்துச் செல்லும் வழக்கம் கண்டியைச் சூழ்ந்த கிராமங்களிலும் தோட்டங்களிலும் இன்றும் மாறவில்லை. கல்வி ஒன்றே பிள்ளையைக் கரை சேர்க்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது.

ஆயினும் அண்மைக் காலமாக அதே பெற்றார் இன்னொரு வேண்டுதலையும் தாழ்ந்த குரலில் சேர்த்துச் சொல்கின்றனர். "சாமி, புள்ள எந்நேரமும் போனும் கையுமா இருக்கு, நீதான் காப்பாத்தணும்" என்பதே அது. கல்விக்காக வாங்கிக் கொடுத்த கருவியே கவலைக்குக் காரணமாகிவிட்டது. இந்நிலையில் பிள்ளையைக் காப்பது என்றால் என்ன, பூட்டி வைப்பதா அல்லது நம்பி விடுவதா, அந்தக் காவல் யாருடைய கடமை என்ற வினாக்கள் எழுகின்றன. இவற்றுக்கு விடை காண்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒவ்வோர் ஆலயத்துக்கும் இன்று அவசியமாகின்றது.

அன்றைய காவல்

கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலைச் செய்கையைத் தொடங்கினார். அதற்கு முன்னர் கோப்பிக் காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து வந்து இம்மலைகளில் உழைத்த மக்களின் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கிடைத்ததெல்லாம் தோட்ட நிர்வாகம் நடத்திய சிறு பாடசாலைகளின் கல்வியே. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் அதன் பயன் தோட்டப் பிள்ளைகளை உடனே எட்டவில்லை. 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை படிப்படியாக மாறியது. இன்று கலஹா, தெல்தோட்டை, ரங்கலை, புசல்லாவை, நாவலப்பிட்டிப் பகுதிகளின் லயங்களிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் வரை சென்ற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இரண்டு மூன்று தலைமுறைகளின் வியர்வை இருக்கின்றது.

அக்காலத்தில் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து தோட்டப் பாதையில் இறங்கிப் பாடசாலைக்குச் செல்வார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும். வழியில் கொழுந்து பறிக்கும் அக்காமார், சந்திக் கடைக்காரர், பஸ் நடத்துனர் எல்லோருக்கும் "இது இன்னாருடைய பிள்ளை" என்று தெரியும். பாடசாலை நேரத்தில் ஒரு பையன் டவுன் பக்கம் தனியாகத் திரிந்தால் அந்தச் செய்தி அவனுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் காவலுக்குச் சம்பளமும் இல்லை, சட்டமும் இல்லை. பிள்ளை நடந்த பாதை பெரியவர்கள் தாமே நடந்து பழகிய பாதையாக இருந்தமைதான் அதன் பலம்.

அதற்காக அக்காலம் குறையற்ற காலம் என்று எண்ணிவிடக்கூடாது. அன்றும் பிள்ளைகளுக்குத் தீங்கு நடந்ததுண்டு. தீங்கு செய்தவர் பல வேளைகளில் வீட்டாருக்கு நன்கு தெரிந்தவராகவே இருந்தார். "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்று அவை மூடி மறைக்கப்பட்டன. இந்தப் பழைய மௌனமே இன்றைய புதிய ஆபத்துக்கும் துணை போகின்றது என்பது பின்னர் தெளிவாகும்.

வாசலைத் திறந்தவனே காவலன்

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இணையம் என்பது ஓர் இடமாக இருந்தது. கண்டி நகரில் கணினிகள் வரிசையாக வைக்கப்பட்ட கடைகளுக்குச் சென்று, மணித்தியாலக் கணக்கில் பணம் கட்டித்தான் மின்னஞ்சல் பார்க்க முடியும். அந்தக் கடைக்கு ஒரு கதவு இருந்தது. ஒரு முதலாளியும் இருந்தார். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை (திருத்தச்) சட்டம் அந்த முதலாளியின் மீது ஒரு கடமையைச் சுமத்தியது. கணினி மூலம் சேவை வழங்கும் ஒருவர், அந்த வசதி சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாதிருக்க வேண்டிய நடவடிக்கைகளை எடுக்க வேண்டும். அப்படியொன்று நடப்பதை அறிந்தால் தாமதமின்றிப் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதே அது.

சட்டம் படித்தவர்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் இதில் ஓர் அறம் இருக்கின்றது. வாசலைத் திறந்து விட்டவனே அந்த வாசலுக்குக் காவலன் என்பதே அந்த அறம். இன்று அந்தக் கடைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. கடை முழுவதும் பிள்ளையின் கைக்குள் அடங்கிவிட்டது. அப்படியானால் இப்போது அந்த முதலாளியின் இடத்தில் இருப்பவர் யார்? கைத்தொலைபேசியை வாங்கி, டேட்டா போட்டு, பிள்ளையின் கையில் கொடுத்த பெற்றாரே அவர். கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை; கொடுக்கும் கணத்தில்தான் அது தொடங்குகின்றது.

ஒரே வாரத்தில் மாறிய உலகம்

2020 மார்ச் மாதம் வரை "பாடசாலைக்குப் போன் கொண்டு வரக்கூடாது" என்பதே ஆசிரியர்களின் கண்டிப்பான கட்டளை. வீட்டிலும் "போனைத் தொடாதே, படி" என்பதே பேச்சு. அம்மாதம் கொவிட் நோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டதும் நிலைமை தலைகீழானது. "போனை எடுத்துப் படி" என்று அதே பெற்றார் சொல்ல வேண்டியதாயிற்று. அரச தொலைக்காட்சியில் 'குரு கெதர' போன்ற நிகழ்ச்சிகள் நடந்தாலும், அன்றாடப் பாடங்கள் பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்கள் மூலமாகவும் சூம் வகுப்புகள் மூலமாகவுமே வந்தன. தோட்டின் மீதும் சங்கிலியின் மீதும் கடன் பெற்றுக் கைத்தொலைபேசி வாங்கிய தாய்மார் எத்தனையோ பேர். ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளும் உண்டு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது இந்நிலை திரும்பவும் வந்தது.

நாட்டின் சுமார் 43 இலட்சம் மாணவருள் கூடியது 40 வீதத்தினரே இணைய வகுப்புகளில் பங்குபற்றக்கூடியவராக இருந்தனர் என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் 2021இல் கூறினார். பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து மலையுச்சிக்குச் சென்ற செய்தி அவ்வாண்டு உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. மலையகத்தின் பல தோட்டங்களிலும் தேயிலை மலையின் மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் கொப்பியும் மறு கையில் போனுமாக நின்ற பிள்ளைகளைக் காணாதவர் இல்லை. படிக்க வேண்டும் என்ற அவர்களுடைய ஆசை வணங்கத்தக்கது. இணையம் பிள்ளைகளைக் கெடுக்க வந்த பிசாசு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவோர் அந்த மேட்டில் நனைந்து நின்ற பிள்ளைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அவசரத்தில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. கைத்தொலைபேசியைக் கொடுத்தார்கள்; வகுப்புக்குள் எப்படிப் போவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். தெரியாத ஒருவர் அழைத்தால் என்ன செய்வது, படம் கேட்டால் என்ன சொல்வது, மிரட்டினால் யாரிடம் போவது என்று சொல்லிக் கொடுக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. பல பெரியவர்களுக்கு அது தெரிந்திருக்கவும் இல்லை.

அபிமன்யு தரும் பாடம்

மகாபாரதக் கதையில் அபிமன்யு தாயின் வயிற்றில் இருக்கும்போதே சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டறிந்தான். கதை பாதியில் நின்றுவிட்டதால் வெளியே வரும் வழி அவனுக்குத் தெரியாமற் போயிற்று. பதினாறு வயதுப் பிள்ளையாகக் களத்தில் நின்றபோது, "நீ உள்ளே போ, நாங்கள் உன் பின்னாலேயே வருகிறோம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவன் வியூகத்தை உடைத்து உள்ளே சென்றான். பின்னால் வந்தவர்களை ஜயத்ரதன் வாயிலில் தடுத்துவிட்டான். உள்ளே பிள்ளை தனியாக நின்றான். முடிவு எல்லோரும் அறிந்ததே.

இக்கதையை அபிமன்யுவின் வீரத்துக்காகவே பலரும் சொல்வர். சொல்லி முடிக்காத பாடமும், பின்னால் வருவதாகச் சொல்லி வர முடியாமற்போன பெரியவர்களும் அதில் இருக்கிறார்கள். களத்தில் நின்ற பெரியவர்கள் கெட்டவர்கள் அல்லர். வாக்குக் கொடுத்தார்கள், வழி தெரியாமல் வெளியே நின்றார்கள். இன்று இணையத்தின் வாயிலில் நிற்கும் பெற்றாரின் நிலையும் அதுவே. பிள்ளை உள்ளே போய்விட்டது. பின்னால் போக இவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே "ஏன் உள்ளே போனாய்?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயம் குறைவு. பாதியில் நின்ற பாடத்தைச் சொல்லி முடிப்பதே பெரியவர்களின் முதற் கடமையாகும்.

தடை செய்தால் போதுமா?

"இவ்வளவு ஆபத்து என்றால் போனையே கொடுக்காமல் விட்டால் என்ன?" என்று கேட்போர் பலர். அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அது பிள்ளை மீதுள்ள அன்பினால் எழும் கேள்வி. உலக நாடுகளும் அவ்வாறு சிந்திக்கின்றன. அவுஸ்திரேலியா 2024 நவம்பரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, 16 வயதுக்குக் குறைந்தோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10ஆம் திகதி முதல் தடுத்துள்ளது. அச்சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. சட்டத்தை மீறினால் தண்டம் நிறுவனங்களுக்கே. பிள்ளைக்கும் பெற்றாருக்கும் தண்டனை கிடையாது. வாசலைத் திறந்தவனே காவலன் என்ற அதே அறம் அங்கும் இருக்கின்றது.

சிறு பிள்ளைக்குச் சொந்தமாகக் கைத்தொலைபேசி கொடுக்காதிருப்பதும், இரவில் படுக்கைக்கு அதைக் கொண்டு போக விடாதிருப்பதும், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அதை ஒதுக்கி வைப்பதும் நல்ல கட்டுப்பாடுகளே. வயதுக்கேற்ற வேலி வேண்டும். நாற்று மேடைக்குப் பந்தல் போடாத தோட்டக்காரர் இல்லை. ஆனால் கன்று வளர வளரப் பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வெயிலுக்குப் பழக்காவிட்டால், மலையில் நட்டவுடன் அது கருகிவிடும் என்பதும் தேயிலை அறிந்த மக்களுக்குத் தெரிந்ததே. பதினெட்டு வயது வரை முற்றாக மூடி வைத்து, பின்னர் கொழும்புக்கு வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பும் பிள்ளையின் நிலையும் அவ்வாறானதே.

இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம், துஷ்பிரயோகத்திலிருந்து காக்கப்படும் உரிமையையும் தகவலைப் பெறும் உரிமையையும் ஒருங்கே பிள்ளைக்கு வழங்குகின்றது. ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றொன்றைப் பறிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே பெரியவர்களின் பொறுப்பு.

மிரட்டுபவனின் ஆயுதம்

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தாய் மலையில் கொழுந்து பறிக்கிறாள். பாடங்களுக்காக வாங்கிய கைத்தொலைபேசியில், வேறொரு பாடசாலை மாணவி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அறிமுகமாகிறார். பல நாள் அன்பான பேச்சு. பின்னர் ஒரு படம் கேட்கப்படுகிறது; பிள்ளை அனுப்புகிறது. அந்தப் படத்தை வெட்டி ஒட்டி ஆபாசமாக மாற்றிய பின்னரே மறுபக்கத்தில் இருப்பது மாணவியல்ல என்பது தெரிய வருகிறது. அடுத்து வருகிறது ஒரு செய்தி: "நான் சொல்றத கேக்காட்டி இத உன் அப்பாவுக்கு அனுப்புவேன்."

இந்த வசனத்தை நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அவன் கையிலுள்ள ஆயுதம் எது? படம் அல்ல. அந்தத் தகப்பனின் கோபமே அவனுடைய ஆயுதம். மகளைக் காப்பதற்காகத் தகப்பன் வளர்த்து வைத்த கண்டிப்பை, எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவன் எடுத்து அந்த மகளுக்கு எதிராகவே நீட்டுகிறான். அவள் அந்நியனுக்குப் பயந்து அவன் சொன்னபடி கேட்பதில்லை. சொந்த வீட்டுக்குப் பயந்தே கேட்கிறாள்.

ஒரு வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் உண்ணாமல் உறங்காமல் தவிக்கிறாள். இறுதியில் விடயம் வெளிவருகிறது. தகப்பன் கைத்தொலைபேசியைச் சுவரில் அடிக்கிறான். மகளையும் அடிக்கிறான். "படிச்சது போதும்" என்று பாடசாலையை நிறுத்துகிறான். அயலார் அவளைப் பற்றிக் கதைக்கிறார்கள். மிரட்டியவனோ வேறொரு பெயரில் வேறொரு பிள்ளையைத் தேடிப் போய்விட்டான். குற்றம் செய்தவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. குற்றத்துக்கு ஆளானவளின் கல்வி மட்டும் முடிந்துவிட்டது. இதைக் காவல் என்று சொல்ல முடியுமா? 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் இந்நாட்டின் விதி. அந்த வயதுப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது சட்டத்துக்கும் முரண், அறத்துக்கும் முரண்.

இன்னொரு வீட்டில் அதே செய்தி வந்த அன்றிரவே பிள்ளை தாயிடம் வந்து அழுகிறது. தாய்க்கு முகநூலும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "நீ ஒண்ணுக்கும் பயப்படாத, அம்மா இருக்கேன்" என்கிறாள். விடிந்ததும் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையைத் தேடிப் போகிறாள். மிரட்டியவன் பிடிபடலாம், பிடிபடாமலும் போகலாம். ஆனால் "அப்பாவுக்கு அனுப்புவேன்" என்ற சொல்லுக்கு இனிமேல் வலிமை இல்லை. அப்பாவுக்கு ஏற்கனவே தெரியும். அவன் கையிலிருந்த ஆயுதம் அந்த இரவிலேயே விழுந்துவிட்டது.

இரண்டு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு கல்வியிலோ செல்வத்திலோ இல்லை. ஒரு வீட்டில் பிள்ளை வந்து சொல்லலாம். மற்ற வீட்டில் சொல்ல முடியாது. அவ்வளவே.

பயமும் பக்தியும்

"பயம் இல்லாமல் வளர்த்தால் பிள்ளை கெட்டுவிடும்" என்ற கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பயம் இரண்டு வகை. தவறு செய்ய அஞ்சுவது ஒன்று. செய்த தவற்றைச் சொல்ல அஞ்சுவது மற்றொன்று. முன்னது பிள்ளையைக் காக்கும். பின்னது பிள்ளையை அந்நியன் கையில் ஒப்படைக்கும்.

ஆலயத்துக்கு வரும் அடியார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "பயபக்தி" என்ற சொல்லையே அவர்கள் வழங்குகின்றனர். சந்நிதியில் நிற்கும்போது தலை தானாகத் தாழ்கின்றது; அதே வேளை பிறர் எவரிடமும் சொல்ல முடியாத குறைகளையெல்லாம் அங்கேதான் சொல்லி அழ முடிகின்றது. செய்த பிழையையும் சேர்த்தே சொல்கின்றனர். "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டு எந்தத் தெய்வமும் நடையைச் சாத்துவதில்லை. தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சமூகம், அந்தத் தெய்வத்தின் இயல்பில் கொஞ்சமாவது பெற்றாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது.

இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விடயமும் அன்று. ஆண்பிள்ளைகளும் மிரட்டப்படுகிறார்கள், விளையாட்டுச் செயலிகளில் பணத்தை இழக்கிறார்கள், "ஆம்பளப் புள்ள அழலாமா" என்ற சொல்லால் வாயடைத்துப் போகிறார்கள். அது மட்டுமன்றி, தோழியின் படத்தை வேடிக்கைக்காக நான்கு பேருக்கு அனுப்பும் பையனுக்கு, அது பாவமும் குற்றமும் ஆகும் என்பதை அவனுடைய வீட்டிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு நூறு புத்தி சொல்லும் வீடு, ஆண்பிள்ளைக்கு இந்த ஒன்றையாவது சொல்லாவிட்டால் அது பாதி வேலையே.

பெரியவர்கள் முதலில்

பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு வளர்வதைவிடச் செய்வதைப் பார்த்தே வளர்கிறார்கள். எனவே பெரியவர்கள் தங்கள் கைத்தொலைபேசியை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

2018 மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டதை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. வதந்திகளும் வெறுப்புப் பேச்சும் சமூக ஊடகங்கள் வழியாகப் பரவியதால் முகநூல், வட்ஸ்அப் உள்ளிட்டவற்றை அரசாங்கம் ஏறக்குறைய ஒரு வாரம் முடக்க நேர்ந்தது. அவ்வன்முறையில் தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. அந்த நாட்களில் கையில் வந்ததையெல்லாம் பிறருக்கு அனுப்பியோர் எல்லோரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். "எச்சரிக்கையாக இருங்கள்" என்று நல்லெண்ணத்துடன் அனுப்பியோரும் உண்டு. உண்மையா என்று ஒரு நிமிடம் நிதானிக்காத கை, நல்லவனுடைய கையாயினும் தீயைப் பரப்பவே செய்யும். அந்த நிதானத்தைப் பெரியவர்களிடம் காணாத பிள்ளை அதை வேறெங்கே கற்கும்?

இன்னொரு விடயம் ஆலயங்களோடு நேரடியாகத் தொடர்புடையது. தேர்த் திருவிழாவில் பாற்குடம் ஏந்தி வரும் பெண்பிள்ளைகளையும் கோலாட்டம் ஆடும் சிறுமியரையும் படமெடுத்து உடனுக்குடன் முகநூலில் இடுவது இன்று வழக்கமாகிவிட்டது. புலமைப்பரிசிலில் சித்தியெய்திய பிள்ளையின் படத்தோடு பெயர், பாடசாலை, தோட்டம் எல்லாவற்றையும் எழுதிப் பதாகை கட்டி, அதையும் படமெடுத்துப் போடுகின்றனர். பிள்ளையின் பெருமையை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் அந்தப் படம் ஊரோடு நிற்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவனுக்குப் பிள்ளையின் முகமும் பெயரும் அது போகும் பாதையும் பெரியவர்களின் கையாலேயே கொடுக்கப்படுகின்றன. பழைய காலத்தில் "இது இன்னாருடைய பிள்ளை" என்று ஊரார் அறிந்திருந்தமை காவலாக இருந்தது. அதையே உலகம் முழுவதும் அறியச் செய்வது காவலாகாது.

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் தேவையில்லை. பெற்றாரும் ஆலயங்களும் இன்றே தொடங்கக்கூடிய சில காரியங்கள் உள்ளன.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையிடம் முன்கூட்டியே ஒரு வாக்குக் கொடுத்தல். "என்ன நடந்தாலும், தப்பு உன் பக்கம் இருந்தாலும், முதலில் எங்களிடம் வந்து சொல். அன்றைக்கு அடிக்கவும் மாட்டோம், பாடசாலையை நிறுத்தவும் மாட்டோம்" என்பதே அந்த வாக்கு. ஆபத்து வந்த பிறகு கொடுக்கும் வாக்குக்குப் பயன் குறைவு.

இரண்டாவது, எங்கே போய்ச் சொல்வது என்பதை அறிந்து வைத்திருத்தல். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். மிரட்டல் செய்திகள் வந்தால் வெட்கப்பட்டு அழித்துவிடாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும், அவையே சாட்சி. மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்கவே கூடாது. ஒருமுறை கொடுத்தால் அவன் மீண்டும் கேட்பான்.

மூன்றாவது, பிள்ளையிடமிருந்து கற்றுக்கொள்ளுதல். "இதை எப்படிப் பாவிப்பது, எனக்கும் காட்டு" என்று கேட்கும் தகப்பன் சிறுத்துப் போவதில்லை. பிரணவத்தின் பொருளைத் தன் பிள்ளையிடம் கேட்டறிந்த சிவபெருமானைச் சுவாமிநாதனின் தந்தையாக வணங்கும் சமயம் இது. அவ்வாறு கேட்கும்போது பிள்ளையின் உலகத்துக்குள் பெரியவருக்கும் ஒரு வழி திறக்கின்றது. ஜயத்ரதனால் தடுக்க முடியாத வழி அது.

நான்காவது, ஆலயத்தின் பங்கு. திருவிழாவில் பிள்ளைகளைப் படமெடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் பெற்றாரிடம் அனுமதி கேட்கும் ஒழுங்கை ஒவ்வொரு பரிபாலன சபையும் ஏற்படுத்தலாம். 1929 என்ற இலக்கத்தை அறிவித்தல் பலகையில் பூசை நேரங்களுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பில் மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். ஆலயத்தில் பிள்ளைகளோடு பழகும் தொண்டர்கள் முதல் ஆசிரியர்கள் வரை எல்லோருடைய நடத்தையையும் கவனிக்கும் பொறுப்பும் சபைக்கு உண்டு. இணையத்தில் வரும் அந்நியனை மட்டும் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பாராமல் விடுவது முன்னோர் செய்த அதே பிழையாகும்.

வாயிற்காவல்

மூலஸ்தானத்தின் வாசலில் இரு மருங்கும் துவாரபாலகர் நிற்கின்றனர். கையிலே ஆயுதம், பார்வையிலே கடுமை. ஆயினும் அவர்களைக் கண்டு எந்த அடியாரும் திரும்பிப் போவதில்லை. குழந்தைகள்கூட அவர்களுக்கு நடுவே நின்றுதான் சுவாமியைப் பார்க்கின்றன. துவாரபாலகர் நிற்பது வாசலில். வாசல் என்பது திறப்பதற்கே உரியது. நடை திறந்திருக்கும் வேளையில்தான் அவர்களுடைய காவலுக்கே பொருள் உண்டு.

வீட்டிலும் காவல் அப்படியே அமைய வேண்டும். பிள்ளை வெளியே போகவும் வேண்டும். இருட்டிய பிறகு அழுதுகொண்டு திரும்பி வந்தாலும் கதவு திறக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். தேயிலை மேட்டில் நனைந்து நின்று படித்த பிள்ளைகளின் கையிலுள்ள கல்வி, எவனோ ஒருவனின் மிரட்டலாலும் பெற்றவரின் கோபத்தாலும் பாதியில் நின்றுவிடலாகாது. தாயின் மடியும் தந்தையின் தோளும் பிள்ளைகளுக்கு அஞ்சாமல் வந்து சேரும் சந்நிதியாக அமைய, எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருள் துணை நிற்பதாக.

சுபம்.